முஸம்மில் நானாவின் பொறுப்பில் விடப்பட்ட சூரியன்

முஸம்மில் நானாவுக்கு மறுத்துப் பேச வராது. பிறவியிலேயே வராது என்று அவர் மனைவி ஜெஸீமா ராத்தா சொல்வார். அவர் வீட்டுப் படி ஏறிய காப்புறுதிக்காரர் யாரும் கையெழுத்து வாங்காமல் இறங்கியதில்லை. பல்லேபொலையில் அவர் வீட்டைச் சுற்றியிருக்கிற மரணாதாரச் சங்கங்கள், செத்த வீட்டுச் செலவுக்கு உதவுகிறவை, எல்லாவற்றிலும் அவர் உறுப்பினர். அதில் ஒன்று புத்த விகாரைக்காரர்களுடையது. அதற்கு அவர்தான் பொருளாளர். ஒரு தடவை பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் பக்கத்துப் பல்லில் கை வைத்தபோது, "சேர், அது இல்ல, இது" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு பல்லையும் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒரு பெரிய கம்பனியில் காலமெல்லாம் வேலை பார்த்தால் என்ன ஆகும்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நானா பிள்ளையாரைக் கும்பிடுகிறவர் இல்லை, ஆனாலும் எங்கள் கம்பனியில் அந்த ஆண்டி அவர்தான். ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தால் அவர். பிரிண்டரில் கடதாசி சிக்கினால் அவர். யாராவது ஒருவர் பிழை செய்தால், அதற்கு வருத்தம் தெரிவிக்கிறதும் அவர்.

என் பெயர் கலாராணி, கணக்குப் பகுதி. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா, அக்காவை ராத்தா என்பார்கள், எங்கள் ஒபிஸில் எல்லாருக்கும் அப்படித்தான். நானாவின் மேசையும் என் மேசையும் எதிரெதிரே. கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கொழும்பிலிருந்து வக்கீல் கடிதம் வரும், அதற்கும் நானாவைத்தான் பதில் எழுதச் சொல்வார்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிப் புடைத்துப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி. தலைமை அலுவலகம் கொழும்பில் கண்ணாடிக் கட்டடம். எங்களுடையது மாத்தளையில் கண்டி வீதியோரம், முன்னால் ஒபிஸ், பின்னால் ஸ்டோர். புதிதாக வருகிறவர்கள் மிளகுத் தூசிக்கு மூன்று மாதம் தும்முவார்கள். பிறகு மூக்கு அடங்கிவிடும்.

உதயராஜ் சேருக்கு மட்டும் அடங்கவில்லை. கொழும்பிலிருந்து எங்களுக்கு மேலாளராக வந்தவர், ரீஜனல் ஹெட் என்று பதவி. வந்த அன்றே எல்லாரையும் நிற்க வைத்து, "இது ஒபிஸ் இல்ல, இது ஒரு குடும்பம்" என்றார். என் மாமியார் வீட்டிலும் முதல் நாள் இதையேதான் சொன்னார்கள்.

அதன் பிறகு குடும்பத்துக்குச் சட்டங்கள் வந்தன. காலையில் எல்லாரும் வட்டமாக நின்று கை தட்டி, இன்றைக்கு நான் ஜெயிப்பேன் என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அவர் என்ன போட்டாலும், அது அவர் குடிக்கிற தேத்தண்ணியின் படமாக இருந்தாலும், உடனே கட்டை விரல் போட வேண்டும், பிந்திப் போடுகிறவர்களிடம் "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று அன்பாக விசாரிப்பார். பின்னேரம் அவருடைய ஜீப் கேட்டைத் தாண்டும்வரை ஒருவரும் பையைத் தொடக்கூடாது. விருந்தென்றால் அவர் முதல் வாய் வைக்காமல் யாரும் கரண்டியைத் தொடக்கூடாது.

பிறகு 'முடியாது' என்ற சொல்லைத் தடை செய்தார். தமிழில் முடியாது, முஸ்லிம் ஆட்கள் சொல்கிற ஏலாது, சிங்களத்தில் பே, மூன்றும் தடை. பிரச்சினையைக் கொண்டு வராதீர்கள், தீர்வைக் கொண்டு வாருங்கள் என்று சுவரில் எழுதி மாட்டினார். அன்றிலிருந்து எங்கள் ஒபிஸில் பிரச்சினையே இல்லாமல் போய்விட்டது. தராசு பழுதானது, லொறி நின்றது, ஸ்டோர்க் கூரை ஒழுகியது, பிரச்சினை மட்டும் இல்லை.

வீரசிங்கம் என்று ஒருவர் இருந்தார், கொஞ்சம் வாய்க்காரர். ஒருநாள் காலை வட்டத்தில் கையை உயர்த்தி, "சேர், கூரை ஒழுகுறதுக்குத் தீர்வு கொண்டு வந்திருக்கேன். ஒழுகாத கூரை போடணும்" என்றார். இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். அடுத்த கிழமை வீரசிங்கம் லக்கலையில் இருந்தார்.

லக்கலையில் எங்களுக்கு ஒரு கொள்வனவு நிலையம் உண்டு. றத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் மலைப் பனிக்குள் ஏறி, அந்தப் பக்கம் காய்ந்த காட்டுக்குள் இறங்கினால் ஒரு அறை, ஒரு தராசு, ஒரு தகரக் கதவு. பஸ் வந்தால் வரும். யானை கட்டாயம் வரும். ஒருநாள் யானை அந்தத் தகரக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, வாசனை பிடிக்காமல் திரும்பிப் போயிற்று. வீரசிங்கத்துக்கு மறுநாளே வேலை பிடிக்காமல் போய்விட்டது. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு மாத்தளையில் மாமனாரின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த இடம் காலியானது நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். உதயராஜ் சேர் இரண்டு பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒருவர் முஸம்மில் நானா, மற்றவர் பஸீர்.

பஸீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானாவோடு ஒரே வருஷம் சேர்ந்தவர், ஒரே தரம், ஒரே சம்பளம். ஆனால் மேலே இருப்பவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது அவருக்கு முதலே தெரியும். உதயராஜ் சேர் தும்மினால் பஸீர் "சொரி சேர்" என்பார், மிளகின் சார்பில். சேர் நேற்றுச் சொன்னதை இன்று சேரிடமே புதுசாகச் சொல்வார், சேரும் "நல்ல ஐடியா" என்பார்.

"லக்கலைக்கு நம்பிக்கையான ஒருத்தர் வேணும். இங்க அசிஸ்டன்ட் மனேஜர் போஸ்ட் ஒண்ணும் வருது. ரெண்டு பேருமே சீனியர். ஒருத்தர் அங்க, ஒருத்தர் இங்க. இந்த வருஷம் பெரிய இப்தார் ஒண்ணு வைக்கிறோம், கொழும்பிலேருந்து சேர்மனே வர்றார். அது எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லி அனுப்பினாராம்.

நானா வெளியே வந்து உட்கார்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. அவர் பயந்தது யானைக்கு இல்லை. அவருடைய ஒரே மகள் நுஸ்லா மாத்தளையில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள், அடுத்த வருஷம் பரீட்சை. தினமும் காலையில் பல்லேபொலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவளைக் கூட்டி வந்து விடுவதும், பின்னேரம் டியூஷன் வாசலில் ஏற்றிக்கொண்டு போவதும் நானாதான். கிழமை முழுக்க லக்கலையில் தங்கினால் அது நடக்காது.

"டியூஷனை நிப்பாட்ட வேண்டியதுதான் தங்கச்சி. தனியா விட எனக்கு மனசு வராது. அதோட, அவளைக் கூட்டிட்டுப் போற அந்த நேரந்தான் எனக்கு நாள்ல இருக்கிற நல்ல நேரம்" என்றார்.

"வழியில நல்லாப் பேசிக்கிட்டுப் போவீங்களோ?"

"நான் பேசுவேன். அவ பேச மாட்டா. ரொம்ப அடக்கம்."

உதயராஜ் சேரின் ஜீப் போகும்வரை நானாவும் போக முடியாது, அதுவரை பிள்ளை எங்கே நிற்கும் என்று மட்டும் மனதில் ஓடியது.

இப்தார் கூட்டத்துக்கான முதல் ஆலோசனைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சேர்மன் கொழும்பில் மத்தியானக் கூட்டம் முடித்துத்தான் கிளம்புவார், மாத்தளைக்கு வந்து சேர ஆறே முக்காலாகும் என்று செய்தி. உதயராஜ் சேர் கேட்டார், "நோன்பு திறக்கிறது எத்தனை மணிக்கு?"

"ஆறே காலுக்குப் பிறகு சேர், ஆறு இருபது போல" என்றார் பஸீர்.

"அதை ஆறே முக்காலுக்கு மாத்துங்க."

நானாவைப் பார்த்தேன். நானா மேசையைப் பார்த்தார். யாராவது ஒருவர் 'சேர், அது சூரியன் மறையிற நேரம்' என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்ல அந்தத் தடை செய்த சொல் தேவைப்படும். பூனைக்கு யார் மணி கட்டுவது?

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற ஆள்கிட்ட பேசுங்க. எல்லாம் ஆளுங்க செய்யிறதுதானே. தேர் லேட்டாகுது, பெரஹரா ஊர்வலம் லேட்டாகுது, பாங்கு மட்டும் ஏன் ஆகாது? அரை மணித்தியாலம்" என்று உதயராஜ் சேர் விளக்கமும் சொன்னார்.

பஸீர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோன்பு பிடிக்கிற மனுஷன், மக்ரிப் என்கிற அந்தித் தொழுகை எந்த நேரமென்று பாலர் வகுப்பிலேயே ஓதினவர். அவர் சொன்னார், "செய்யலாம் சேர். முஸம்மிலுக்குப் பள்ளிவாசல்ல நல்ல பழக்கம். அவர் பார்த்துக்குவார்."

உதயராஜ் சேர் நானாவைப் பார்த்தார். "சரிதானே முஸம்மில்?"

"சரி சேர்" என்றார் நானா. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு, கையிலிருந்த பேனையின் மூடியைக் கடித்து உடைத்துவிட்டேன்.

எங்கள் கம்பனியில் எந்த வேலைக்கும் கணினியில் ஒரு அட்டவணை போட வேண்டும். வேலை தொடங்காவிட்டால் சிவப்பு, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், முடிந்தால் பச்சை. அதைப் போடுகிறது என் வேலை. கூடாரம், பொறுப்பு பஸீர். கஞ்சி, பொறுப்பு சமையற்கட்டு ஸைனம்பு ராத்தா. சூரிய அஸ்தமனம், பொறுப்பு முஸம்மில். இப்படி நான் எழுதிக் கொடுத்ததை உதயராஜ் சேர் பார்த்து, "குட்" என்று கையெழுத்தும் வைத்தார். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் கேட்பார், "பாங்கு என்னாச்சு?" நானா எழுதுவார், "நடந்துகிட்டு இருக்கு சேர்." நான் மஞ்சள் போடுவேன். சூரியன் தினமும் அதுபாட்டுக்கு மறைந்துகொண்டிருந்தது.

நானா பள்ளிவாசலுக்குப் போகாமலும் இல்லை. ஒருநாள் தொழுகை முடிந்து பாங்கு சொல்கிற அன்ஸாபின் பக்கத்தில் போய் நின்றாராம். "என்ன நானா, ஏதும் சொல்ல வந்தீங்களா?" என்று அன்ஸாப் கேட்க, "இல்ல, சும்மா. உங்கட குரல் இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்ஸாபுக்குச் சந்தோஷம். மறுநாள் இன்னும் சத்தமாகப் பாங்கு சொன்னாராம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஜெஸீமா ராத்தா மாவு பிசைந்த கையோடு சுவரில் சாய்ந்து சிரித்திருக்கிறார். சிரித்து முடித்து, "சொல்லிருங்களேன், ஏலாதுன்னு" என்றிருக்கிறார். "சொன்னா லக்கல" என்றாராம் நானா. அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

இப்தாருக்கு முதல் நாள் பஸீர் என் மேசைக்கு வந்தார். "இன்னும் மஞ்சளா இருக்கே, சேர் கவலைப்படுவார்" என்று, அவரே மவுஸைப் பிடித்து அந்தக் கட்டத்தைப் பச்சையாக்கினார்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"அது முஸம்மில்ட பொறுப்புதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்று என் அம்மா சொல்வார். இந்த ஓநாய் அழவும் இல்லை, குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

இப்தார் நாள் வந்தது. முற்றத்தில் வெள்ளைக் கூடாரம், 'நாம் ஒரே குடும்பம்' என்று பெரிய பதாகை, கொழும்பிலிருந்து படம் பிடிக்க ஒரு பையன். மாத்தளைப் பட்டணத்து மிளகு வியாபாரிகள் எல்லாரும் வெள்ளைத் தொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஸக்கரியா ஹாஜியார், எங்களுக்கு ஆக அதிகமாக மிளகு தருகிறவர். மேசைகளில் தட்டு இருந்தது, கோப்பை இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. சேர்மன் வருகிறவரை ஒன்றும் பரிமாறக்கூடாது என்று உத்தரவு. ஸைனம்பு ராத்தா கஞ்சிப் பானை மூடியில் கை வைத்தபடி ஓரமாக நின்றார். மேடைக்கு முன்னால் ஒரு சின்ன மேசையில் பெரிய தட்டம் நிறையப் பேரீச்சம்பழம், அதைக் கண்ணாடித் தாளால் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் பட்டுத் துணியில் ஒரு கத்தரிக்கோல். சேர்மன் ரிப்பன் வெட்டி நோன்பைத் திறந்து வைப்பார் என்று ஏற்பாடு. கடைத் திறப்புவிழா மாதிரி நோன்புக்கும் திறப்புவிழா.

ஆறு மணிக்குச் செய்தி வந்தது. சேர்மனின் கார் வழியில் அக்குறணையில் மாட்டிக்கொண்டது. நோன்பு காலத்துப் பின்னேரம் அக்குறணையைத் தாண்டுவதென்றால் என்னவென்று கண்டி வீதியில் போகிற மாட்டுக்கும் தெரியும். சமூசாவுக்கும் கட்லட்டுக்கும் ஊரே வீதியில் நிற்கும். உதயராஜ் சேருக்கு அது தெரியாது. "பத்து நிமிஷத்துல வந்துருவார்" என்று ஒலிவாங்கியைப் பிடித்து, திரையில் படங்களைப் போட்டு, இன்னும் ஐந்து வருஷத்தில் கம்பனி எங்கே இருக்கும் என்று பேசத் தொடங்கினார். நடு நடுவே தும்மினார். பஸீர் முன் வரிசையிலிருந்து தலையாட்டினார். வியாபாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு வானத்தைப் பார்த்தார்கள், பிறகு வெறும் தட்டைப் பார்த்தார்கள்.

அப்போது பாங்கு கேட்டது. அன்ஸாபின் குரல், முன்னைவிடச் சத்தமாக.

உதயராஜ் சேர் பேச்சை நிறுத்தினார். கையில் ஒலிவாங்கி அப்படியே இருந்தது, அதிலேயே கேட்டார், "முஸம்மில், என்ன இது? மாத்தியாச்சுன்னு பச்சை போட்டிருந்துச்சே?"

முற்றம் முழுக்கக் கேட்டது. வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஸக்கரியா ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "என்ன முஸம்மில், கம்பனிச் சூரியன் இன்னும் எறங்கலையா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நானா எழுந்து நின்றார். காது வரை சிவந்திருந்தது.

"சரி, பரவாயில்ல. இன்னும் பத்து நிமிஷம். யாரும் ஒண்ணையும் தொட வேண்டாம். முஸம்மில், நீங்க அந்தத் தட்டத்துக்குப் பக்கத்துல போய் நின்னு பார்த்துக்கங்க. சரியா?"

"சரி சேர்" என்றார் நானா.

போனார். தட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். காவலுக்குத்தான் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். இவ்வளவு நாளும் பார்த்த மனுஷன், வேறு என்ன நினைப்பது? அவர் கத்தரிக்கோலை எடுத்தார். வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி, சேர்மனின் ரிப்பனை வெட்டினார். கண்ணாடித் தாளைக் கிழித்து ஒரு பழத்தை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஹாஜியார் முன்னால் போய், எப்போதும்போலக் குனிந்து, "எடுங்க ஹாஜியார்" என்றார்.

ஸைனம்பு ராத்தா யாரையும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தார். கஞ்சி வாசனை கூடாரம் முழுக்கப் பரவியது. உதயராஜ் சேர் திரைக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னார், கோப்பைச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகைதான், மிளகுத் தூசி என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பஸீர் கையில் மட்டும் பழம் அப்படியே இருந்தது. நானா கொடுத்ததை வாங்கிக்கொண்டார், ஆனால் வாயில் வைக்கவில்லை. உதயராஜ் சேரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், மறுபடி சேரைப் பார்த்தார். சேர் வேண்டாமென்று தலையாட்டினார். மொத்தக் கூடாரத்திலும் நோன்பு திறக்காத நோன்பாளி அவர் ஒருவர்தான்.

சேர்மன் வந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. வயசான மனுஷன், நல்ல சிரிப்பு, சட்டையில் மஞ்சளாக ஒரு கறை. உதயராஜ் சேர் ஓடிப்போய்ப் பஸீரை முன்னால் தள்ளி, "சேர், இவர் இன்னும் நோன்பு திறக்கல, உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்" என்றார்.

"எனக்காகவா? ஏன்?" என்று சேர்மன் சிங்களத்தில் கேட்டார். "அக்குறணையில பையன்மார் காருக்குள்ளேயே கஞ்சி தந்தாங்களே. ரெண்டு கோப்பை குடிச்சேன். ரொம்ப நல்ல கஞ்சி." பஸீர் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

இதோடு நியாயம் ஜெயித்தது என்று நினைத்தால் நீங்கள் கம்பனியில் வேலை செய்ததில்லை. அடுத்த கிழமை கம்பனியின் முகநூல் பக்கத்தில் ஒரு படம் வந்தது. கண்ணை மூடி, கையில் கத்தரிக்கோலோடு, வாயில் பழத்தோடு முஸம்மில் நானா. கொழும்புப் பையன் எடுத்ததில் நன்றாக வந்த படம் அது ஒன்றுதானாம். கீழே 'எல்லா நம்பிக்கைகளையும் மதிக்கும் நம் குடும்பம்' என்று எழுதியிருந்தது. சேர்மனே கட்டை விரல் போட்டிருந்தார். அதே நாள் நானாவின் மேசைக்குக் கடிதம் வந்தது. நேர முகாமைத்துவத்தில், அதாவது நேரத்தைக் கையாளுவதில், காட்டிய கவனக்குறைவு காரணமாக, பெருநாள் விடுமுறை முடிந்ததும் லக்கலை நிலையத்துக்கு மாற்றம். பஸீர் அசிஸ்டன்ட் மனேஜர்.

"கையெழுத்துப் போடாதீங்க நானா" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"செஞ்சதுக்கு எனக்கு வருத்தமில்ல தங்கச்சி. பிள்ளைட படிப்பை நெனச்சாத்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பெருநாளன்று நானும் என் வீட்டுக்காரரும் பல்லேபொலைக்குப் போனோம். வருஷா வருஷம் போகிறதுதான். புரியாணி சாப்பிட்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். நானா புதுச் சாரம் உடுத்தியிருந்தார், முகம் மட்டும் பழசாக இருந்தது. நுஸ்லா இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டு வந்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள்.

"த்ரீவீல் ஓட்டுற ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன்" என்று நானா என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "இன்னும் முடிவு சொல்லல. அவர் சரிவராட்டி டியூஷனை நிப்பாட்டி வீட்டோட படிக்க வைக்கிறதுதான்."

நுஸ்லா தட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "வாப்பா, நான் பஸ்ல போறேன்" என்றாள்.

"பஸ்லயா? தனியாவா?"

"தனியா இல்ல. எங்க வகுப்புல நாலு பேர் இந்தப் பக்கந்தான் வாராங்க. மபாஸாவும் அதுலதான் போறா. கிளாஸ் முடிஞ்சதும் ஏறினா அஞ்சு மணிக்கு வீட்டுல இருக்கலாம்." அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. "எல்லாரும் போன பொறகு நான் மட்டும் டியூஷன் கேட்டடியில நிக்கிறேன் வாப்பா. உங்கட சேர்ட ஜீப் போகும்வரைக்கும். காவல்காரர் கதவைப் பூட்டிட்டு, பாவம்னு அவரும் கூட நிக்கிறார்."

நானா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து பஸ்ல போகணும்னு நெனச்சே?"

"போன வருஷத்திலேருந்து."

"ஏன் சொல்லல?"

பிள்ளை உம்மாவைப் பார்த்தாள். உம்மா கூரையைப் பார்த்தார். "நீங்க எவ்வளவு ஆசையாக் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள் நுஸ்லா. "ஏலாதுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா உங்கட முகம் வாடிரும். அதைப் பார்க்க எங்களுக்குப் பயம்."

பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்காமல் காலம் தள்ளிய மனுஷன், தன் முன்னாலும் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் நின்றதைக் காணவே இல்லை. அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்.

நானா சாரத்தின் மடிப்பைத் தடவி நேராக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அப்போ இந்த வீட்டுல நான்தான் உதயராஜ் சேரா?"

ஜெஸீமா ராத்தா வெறும் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் வட்டிலப்பத்தில் முந்திரிப்பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சரி, பஸ்ல போ" என்றார் நானா. கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தும்கொண்டார். "வேற ஏதாச்சும் இருக்கா? என்கிட்ட சொல்லாம வச்சிருக்கிறது? இருந்தா நான் லக்கலைக்குப் போக முந்தி சொல்லிருங்க."

வெறும் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்த ஜெஸீமா ராத்தா, பாதியில் நின்று திரும்பி வந்தார். கிண்ணங்களை மேசையில் வைத்து, முந்தானையில் கையைத் துடைத்து, ஒரு கதிரையை இழுத்து நானாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். நாங்கள் கிளம்புகிறோம் என்று நான் எழுந்தேன்.

"நீங்களும் இருங்க கலா," என்றார் ராத்தா. "இது கொஞ்சம் நேரமெடுக்கும்."